அமாவாசையில் எழுதிய தீர்மானம்

சேசு மரி சூசை துணை

மஸ்கட்,
7.2.1997, அமாவாசை

அன்புள்ள பூவிழிக்கு,

அனிட்டா எழுதுவது. உடம்புக்குக் குறையில்லை. மனசுதான் இந்த வார்டுக்கும் கீழ்வேளூருக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கிறது. நர்ஸிங் படித்த மூன்று வருஷமும் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாம். உன் குரலைக் கேட்டு எட்டு மாதமாகிறது.

இங்கே என்னோடு தங்கியிருக்கும் சூசம்மா, கோட்டயத்துக்காரி, ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். அமாவாசையன்று, வளர்பிறையில் தொடங்க வேண்டிய ஒரே ஒரு காரியத்தை நோட்டில் எழுதுவாள். பௌர்ணமியன்று அது நடந்ததா என்று பார்ப்பாள். பிறகு தேய்பிறைக்கு, விட்டுவிட வேண்டியது ஒன்று. நாமும் செய்வோமா? ஒருவருக்கொருவர் எழுதி அனுப்பிக்கொள்வோம். பொய் சொல்லக் கூடாது, சட்டம் அவ்வளவுதான். கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண்ணுக்கு அமாவாசை எதற்கு என்று சிரிக்காதே. ஈஸ்டரே பௌர்ணமி பார்த்துத்தான் வருகிறது.

என் தீர்மானம்: சைகை காட்டாமல் நோயாளிகளிடம் அரபியில் பேசப் பழகுவது. உனக்கு நானே சொல்கிறேன்: சைக்கிள் கற்றுக்கொள். கிராமச் செவிலியர் நாலு ஊருக்கும் நடந்தே போனால் கால் என்னத்துக்கு ஆகும்?

அண்ணனைப் பார்த்தாயா? உங்கள் விஷயத்தை அப்பாவுக்கு எழுதுவதாகச் சொன்னேனே, எழுதிவிட்டேன். பதில் வரட்டும்.

உன் பிரியமுள்ள,
அனிட்டா

கீழ்வேளூர்,
22.2.1997, பௌர்ணமி

அன்பு அனி,

உன் கடிதம் கிடைக்கப் பத்து நாளாயிற்று. ஆக, சைக்கிள் பழக எனக்குக் கிடைத்தது ஐந்தே நாள். சட்டப்படி உண்மையைச் சொல்கிறேன்: ஏறிவிட்டேன், இறங்கத்தான் வரவில்லை. தடுப்பூசிப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு வாய்க்கால் மேட்டில் போனேன். அறுப்பு வயலில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். வண்டி வைக்கோல் போரில் போய்த்தான் நின்றது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கைதான் சிராய்ந்துவிட்டது.

தேய்பிறைக்கு என் தீர்மானம் கொஞ்சம் பெரியது. அப்பாவிடம் மறைப்பதை விட வேண்டும். பண்ணையில் கூலிக்கு நின்று என்னைப் படிக்க வைத்தவர். உன் அண்ணன் சகாயராஜை நினைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை. சொல்லிவிடப் போகிறேன்.

உன் அப்பா பதில் போட்டாரா? ஒரு வரியாக இருந்தாலும் எழுது.

உன்,
பூவிழி

மஸ்கட்,
9.3.1997, அமாவாசை

அன்புள்ள பூவிழிக்கு,

முழங்கை ஆறியதா? மருந்து போட்டாயா, இல்லை ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்துவிட்டு நீ சும்மா இருந்துவிட்டாயா?

அப்பா இன்னும் பதில் போடவில்லை. அவரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. அதனால் ஒன்று யோசித்தேன். இங்கே ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன் விசா இருக்கிறது. அண்ணன் இரண்டு வருஷம் சம்பாதித்துத் திரும்பினால், அப்பாவுக்கு எதிரே நிமிர்ந்து நின்று பேசலாம். நான் சொன்னால் மாட்டேன் என்கிறான். நீ சொன்னால் கேட்பான். எனக்காக இதைச் செய். உனக்காகவும்தான்.

இந்த வளர்பிறைக்கு என் தீர்மானம் இதுதான்: அண்ணனை இங்கே கொண்டுவந்து சேர்ப்பது.

பிரியமுள்ள,
அனிட்டா

கீழ்வேளூர்,
24.3.1997

அன்பு அனி,

இரண்டும் நடந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "அவங்க வீட்டுல உன்னை உள்ள கூப்பிட்டு உக்கார வைப்பாங்களாம்மா?" என்றார். "அது சொல்ல முடியாதுப்பா" என்றேன். "சரி. அப்ப அந்தப் பையன் உன்கூட வெளியில வந்து நிப்பானா? அதை மட்டும் கேட்டுக்க" என்றார். அன்று எனக்குத் தட்டில் அவரே சோறு போட்டார்.

உன் அண்ணனிடம் ரயிலடியில் பேசினேன்.

"நான் போகணுங்கிறியா?"

"ரெண்டு வருஷந்தாங்க. அனிட்டா இருக்கா, பாத்துக்குவா."

"போறவனுக்கு ரெண்டு வருஷம். இங்க நிக்கிறவளுக்கு?"

நீ எழுதியதையே திருப்பிச் சொன்னேன். கடைசியில், "நீ சொல்றதால போறேன் பூவிழி. வேற யாரு சொல்லியும் இல்ல" என்றார். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. சரியானதைத்தான் செய்தேனா அனி?

உன்,
பூவிழி

மஸ்கட்,
22.4.1997

அன்புள்ள பூவிழிக்கு,

அண்ணன் பத்திரமாக வந்து சேர்ந்தான். இளைத்திருக்கிறான். கம்பெனி கேம்ப் ஊருக்கு வெளியே, தபால் ஒழுங்காகப் போய்ச் சேராது. நீ என் விலாசத்துக்கே எழுது, நான் கொடுத்துவிடுகிறேன்.

வேலை அதிகம். இந்த மாதம் தீர்மானம் ஒன்றும் எழுதவில்லை. மன்னித்துக்கொள்.

அனிட்டா

கீழ்வேளூர்,
4.7.1997, அமாவாசை

அன்பு அனி,

மூன்று அமாவாசை போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் அண்ணன் போய்ச் சேர்ந்ததும் ஒரு கடிதம் போட்டார், அதோடு சரி. உன் விலாசத்துக்கு அவர் பேரில் நான் ஐந்து கடிதம் போட்டுவிட்டேன்.

இங்கே மேட்டூரைத் திறப்பார்களா என்பதுதான் பேச்சு. அப்பா தினமும் ஆற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். போன வாரம் கடைத்தெருவில் உன் அப்பா எதிரே வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாயிருக்கியாம்மா?" என்றார். எனக்கு அந்தச் சிரிப்புதான் பயமாக இருக்கிறது.

இந்த வளர்பிறைக்கு என் தீர்மானம், கேள்வியை நேராகக் கேட்பது. கேட்கிறேன். என்ன நடந்தது?

பூவிழி

மஸ்கட்,
20.7.1997, பௌர்ணமி

பூவிழி,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

அப்பா ஜனவரியிலேயே பதில் போட்டுவிட்டார். உனக்கு முதல் கடிதம் எழுதிய அன்று அது என் தலையணைக்கு அடியில் இருந்தது. "அந்தத் தெருவில் சம்பந்தம் வேண்டாம். கிளாட்சன் வீட்டாருக்குத் தெரிந்தால் உன் கல்யாணமும் நின்றுபோகும். சகாயராஜை அங்கே கூப்பிட்டுக்கொள்" என்று எழுதியிருந்தார். நானும் கிளாட்சனும் நாலு வருஷம் காத்திருக்கிறோம் என்பது உனக்குத் தெரியும். அரபி படிப்பது என்று உனக்கு எழுதினேன். சூசம்மாவின் நோட்டைப் போல வாங்கிய என் நோட்டில், அந்த அமாவாசையன்று நான் எழுதியது வேறு. "இவர்கள் இருவரையும் பிரிப்பது." என் கையால்தான் எழுதினேன். அண்ணனைப் போகச் சொல்லி உன் வாயாலேயே சொல்ல வைத்தேன்.

உன் ஐந்து கடிதங்களையும் பிரிக்காமல் பெட்டியில் வைத்திருந்தேன். உனக்குத் திருத்துறைப்பூண்டி வாத்தியார் ஒருவரோடு பேசி முடித்துவிட்டார்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அவன், அப்பா பார்த்த லின்சி என்ற பெண்ணுக்குச் சரி என்றுவிட்டான். வேளாங்கண்ணித் திருவிழா முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

உன் கேள்வி வந்தபோது பொய் ஒன்று தயாராகவே இருந்தது. எழுதவும் தொடங்கினேன். முடியவில்லை. பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை கேம்புக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி, ஐந்து கடிதத்தையும் அவன் கையில் கொடுத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து வரிசையாகப் படித்தான். நான் வெயிலில் நின்றேன். முடித்துவிட்டு, "அவ என்னைக் கேட்டு எழுதியிருக்கா. நீ ஒளிச்சு வெச்சிருந்தே" என்றான். "அண்ணே" என்றேன். "போ. இங்க நிக்காத" என்றான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என்னை வெறுத்துவிட்டாயா என்று மட்டும் எழுது.

அனிட்டா

நாகப்பட்டினம்,
14.11.1997

அனிட்டா,

ஜூலைக்குப் பிறகு நீ போட்ட நாலு கடிதமும் வந்தன. எதற்கும் பதில் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன், இன்று எழுதியாக வேண்டும்.

ஜூலை கடைசியில் உன் அண்ணன் யூனுஸ் பாய் டெலிபோன் பூத்துக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொன்னார். ரிசீவரை எடுத்ததும், "வாத்தியாருன்னு யாருமே இல்லையா?" என்றார். "இல்லைங்க" என்றேன். "அப்ப நான் வரேன்" என்றார். அப்பா கேட்கச் சொன்னதை அன்றுதான் கேட்டேன்: "எங்க அப்பா கேட்டாரு, நீங்க என்கூட வெளியில வந்து நிப்பீங்களான்னு." "உள்ள விடாத வீட்டுல எனக்கு மட்டும் என்ன வேலை?" என்றார்.

லின்சியின் அப்பாவுக்கு அவரே எழுதித் தெரிவித்துவிட்டார். அந்தப் பெண் பாவம், அவளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. கம்பெனி அவரை அக்டோபரில்தான் ஊருக்கு விட்டது. இன்று காலை பதினொரு மணிக்கு இங்கே பதிவு அலுவலகத்தில் எங்கள் கல்யாணம் நடந்தது. யூனுஸ் பாயும் என்னோடு வேலை பார்க்கும் நீலாம்பாள் சிஸ்டரும் சாட்சி. மூன்றாவது கையெழுத்தை அப்பா போட்டார். அ-மி-ர்-த-லி-ங்-க-ம் என்று ஒவ்வொரு எழுத்தாக. அவர் முடிக்கும்வரை அதிகாரி பேனாவைக் கேட்காமல் காத்திருந்தார். உன் அப்பா வரவில்லை. முதல்நாளே உன் அண்ணன் போய்க் கூப்பிட்டார். கதவு திறக்கவில்லை.

கிளாட்சன் வீட்டார் விலகிவிட்டதாக எழுதியிருந்தாய். படித்து அழுதேன், நம்பினால் நம்பு.

வெறுத்துவிட்டாயா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டிருக்கிறாய். இல்லை. ஆனால் நேற்று உன் கடிதங்களை முதலிலிருந்து எடுத்து வைத்துப் படித்தேன். ஒவ்வொரு வரியும் அன்பாகத்தான் இருக்கிறது. எந்த வரி நீ எழுதியது, எந்த வரி உன் அப்பாவுக்காக எழுதியது என்று என்னால் பிரிக்கவே முடியவில்லை. இனி உன் கையெழுத்தை எப்போது பார்த்தாலும் எழுதாமல் விட்டது என்ன என்றுதான் தேடுவேன். உன்னோடு அப்படிப் பழக எனக்கு விருப்பம் இல்லை.

அதனால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இனி எழுத வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன். உன் அண்ணன் உன் பெயரைச் சொல்வதில்லை. நான் அவரை வற்புறுத்தப் போவதும் இல்லை.

லீவில் ஊருக்கு வந்தால் வா. விலாசம் பின்பக்கம் இருக்கிறது. அவர் கதவைத் திறக்காவிட்டால் நான் திறப்பேன். எதிரே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துப் பேசு. கடிதம் மட்டும் போடாதே.

பூவிழி