அப்பாவின் போனும் ஒன்பதாம் வகுப்புத் தேர்வும்

அன்புள்ள அம்மாவுக்கு, பூங்கோதை வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். இந்தக் கடற்காற்றில் தலைமுடிதான் எந்நேரமும் பிசுபிசுக்கிறது.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். பயப்படாதே, யார் உயிருக்கும் ஒன்றுமில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்குள் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செல்போனில் அறிவியல் தேர்வு எழுத வேண்டும் என்று கெடு வைத்தது நான்தான். அவர்களில் ஒருத்தியான சுஷ்மிதாவின் வீட்டில் இருந்த ஒரே போன் தினமும் அவள் அப்பா கங்காதரனோடு கடலுக்குப் போய்விடுமாம். எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

மகளின் தேர்வுக்காக அவர் அவசரமாகப் படகைத் திருப்பியிருக்கிறார். கரையருகே அலை புரட்டிவிட்டது. அவருக்குக் கை முறிந்தது, போன் கடலோடு போனது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். "நீ இன்னா பண்ணுவ டீச்சரம்மா, அலதான் பேஜாரு பண்ணிடுச்சு" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். சுஷ்மிதா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்காவத்தான் நைனா அலையப் பாக்காம வந்துச்சு. நான் இனிமே இஸ்கூலுக்கு வர்ல டீச்சர்."

இப்போது தன் அம்மாவோடு மீன் விற்கப் போகிறாள். என் கணினியில் அவள் பெயருக்கு எதிரே 'எழுதவில்லை' என்று சிவப்பில் நிற்கிறது.

அம்மா, அப்பாவின் போனை அனுப்புவாயா? அவர் நம்மை விட்டுப் போன பிறகும் நீ அதற்கு சார்ஜ் போட்டு, சாயங்காலமானால் அடித்து அடித்து மணியைக் கேட்பது எனக்குத் தெரியும். சார்ஜரையும் சேர்த்து வை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

நீ எப்போதும்போல் சாயங்காலம் அடி. சுஷ்மிதா எடுப்பாள்.

உன் மகள்
பூங்கோதை