கரண்டிக்கு வந்த மடவை

ஐப்பசி 14, ஞாயிறு, 1943. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் என்னை ஜப்பான்காரர்கள் தங்கள் ஆண்டுக் கணக்கில் 2603 என்று எழுத வைக்கிறார்கள். இங்கே அது வேண்டாம்.

இன்று மாலை லிங்கி ஆற்று முகத்துவாரத்தில் நீரும் வானமும் ஒரே நிறமாகக் கிடந்தன. ஜப்பான்காரர்கள் வந்ததும் ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் வெள்ளிக் கரண்டியில் தூண்டில் முள் கட்டி எறிந்து இழுத்தேன். அது மினுங்கிக்கொண்டு வருவதைச் சிறு மீன் என்று நினைத்துக் கொடுவா கடிக்கும். இன்று கடித்தது மடவை. சேறு தின்னும் மீன் அது. எந்த மினுக்கத்துக்கும் அது வந்து நான் பார்த்ததில்லை.

“கயிற இறுக்காதீங்க கிராணியாரே, வாய் கிழிஞ்சிரும்லா.”

தோட்டத்தில் கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டியின் குரல். மார்பளவு நீரில் இறங்கி, தலைத்துண்டில் மீனை ஏந்திக்கொண்டு வந்தான்.

“கரண்டிய நக்க வந்துருக்கு பாருங்க. அதுக்கும் அரிசி கெடைக்கல போல.”

நான் சிரித்துவிட்டேன். சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரர்கள் ஆள் எடுத்த நாளில் என் மகன் பெயரைக் கூப்பிட்டவன் அவன். ஆறு மாதமாக நான் அவனோடு பேசவில்லை. மகனிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை.

வீட்டில் என் மனைவி வெகுநாளுக்குப் பிறகு ஒரு மீன் துண்டை முழுதாகச் சாப்பிட்டாள். “யாரு புடிச்சது?” என்றாள். நான்தான் என்றேன். முனியாண்டியின் கை பட்டது என்று சொல்லியிருந்தால் துப்பியிருப்பாள்.

கண்ணை மூடினால் அந்தக் கரண்டி நீருக்கடியில் மினுங்கியபடி போய்க்கொண்டே இருக்கிறது. பின்னால் ஏதோ வருகிறது. முகம் தெரியவில்லை.

பெயரைக் கூப்பிட்டது முனியாண்டி என்று அவளுக்குத் தெரியும். மேசையில் உட்கார்ந்து அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டது யார் என்று அவள் இன்னும் என்னைக் கேட்கவில்லை.