இடம்: பெரம்பலூர்

மச்சானுக்கு ஸலாம்.

இவ்வளவு நாள் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. மாமிக்கு முட்டிவலி தேவலை.

வேறு விசேஷம் இல்லை என்று முடித்துவிடத்தான் நினைத்தேன். முடியவில்லை.

கடைசிப் பரீட்சையன்று பொருளாதார மேடம் ஒரு பயிற்சியைப் பற்றிச் சொன்னார்கள். குன்னம் பக்கம் வெங்காய விவசாயிகளிடம் வீடு வீடாகக் கேட்டு எழுதும் ஆய்வு. அரியலூரில் மூன்று மாதப் பயிற்சி, பிறகு வேலை. கல்யாணமானவர்களுக்குப் படிவத்தில் கணவர் கையெழுத்து வேண்டும். கேட்டால் மறுப்பீர்களோ என்று பயந்து, உங்கள் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன்.

அதன் கீழே 'இடம்' என்றிருந்ததில் பெரம்பலூர் என்று எழுதியிருக்கிறேன். மேலே, கணவர் வேலை செய்யும் ஊர் தம்மாம், சவூதி அரேபியா என்று எழுதியதும் நான்தான்.

இன்று மேடம் கூப்பிட்டு, "ஏம்மா, வூட்டுக்காரரு எப்ப ஊருக்கு வந்தாரு? எங்க கண்ணுல காட்டாம ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்றார்கள். பக்கத்திலிருந்த என் வகுப்பு சத்யா சிரித்துவிட்டாள். மேடம் சிரிக்கவில்லை. "இது மேல போனா உன் டிகிரிக்கே வம்பு. மாசக் கடைசிக்குள்ள அவரு கையால லெட்டர் வாங்கிட்டு வா" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அதைப் பாப்பாவின் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மாமி அந்தப் பக்கம் போனாலே நான் முந்திக்கொண்டு போய்த் துணிகளை மடிக்கிறேன். நம் ஊர்ப் பேச்சு இந்தக் கடிதத்துக்கு முன்னால் தம்மாம் வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் எனக்கு அந்தப் பயிற்சிக்குப் போக ஆசை, மச்சான். சம்மதமா இல்லையா என்று உங்கள் கையால் எழுதி, சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மகளின் அம்மா