மாத்திரைக்குப் பின் தண்ணீர்

ஜூலை 7, திங்கள்

என் பூனை சேமியாவுக்கு மூன்று நாளாகத் தும்மல். இன்று கண்ணில் பீளை, மூக்கொழுகல், உடம்பு அனலாகக் கொதிக்கிறது. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அக்கா நாகவல்லி, மாடிப்படியில் நின்றபடியே வைத்தியம் சொன்னார். அவர் பல்வலிக்கு வாங்கிய மாத்திரையில் நாலு மிச்சம் இருக்கிறதாம். "பாதியா ஒடைச்சிப் போடு கனி. மனுசனுக்குக் கேக்குறது பூனைக்குக் கேக்காதா இன்னா?"

வேண்டாம் என்றேன். மனிதர்கள் சாப்பிடும் சில மாத்திரைகள் பூனையைக் கொன்றே விடும் என்று படித்திருக்கிறேன். விடுப்பு சொல்லிவிட்டு, கூடையில் வைத்துத் திருமுல்லைவாயில் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டாக்டர் சபீனாவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். எடை பார்த்து, பதினான்கு நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதினார். தினமும் காலையில் ஒன்று. விழுங்கியதும் ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் கட்டாயம் தர வேண்டும், மாத்திரையை வறட்டாக விடக்கூடாது என்றார். தலையாட்டினேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேனே.

ஜூலை 8, செவ்வாய்

மாத்திரை இறங்கிவிட்டது. தண்ணீர்தான் இறங்கவில்லை. தலையை நிமிர்த்திப் பிடித்து சிரிஞ்சை அழுத்தினேன். ஒரே இருமல். மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது. கண் பிதுங்கி, வாய் திறந்து — ஒரு பத்து விநாடி மூச்சே இல்லை என்று நினைத்தேன். பிறகு என் கையைக் கீறிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

நுரையீரலுக்குள் தண்ணீர் போனால் நிமோனியா வரும். எங்கே படித்தேன்? எங்கேயோ. அலுவலகத்தில் நாள் முழுக்க அந்தப் பத்து விநாடிதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 9, புதன்

தண்ணீர் தரவில்லை. மாத்திரையை நாக்கின் பின்பக்கம் வைத்து, வாயை மூடி, தொண்டையைத் தடவினேன். விழுங்கியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தண்ணீரை நாளைக்குத் தரலாம்.

ஜூலை 11, வெள்ளி

இன்றும் தரவில்லை. சிரிஞ்சைக் கண்டாலே அது ஓடுகிறது. உண்மையில் ஓடுவது யார்?

ஜூலை 13, ஞாயிறு

தும்மல் நின்றுவிட்டது. கண் தெளிவு. வெயில் படும் ஜன்னலோரம் படுத்துத் தன் வாலையே நக்கிக்கொண்டிருந்தது. நாகவல்லி அக்கா வந்து பார்த்துவிட்டு, "உம் பூனை ராணி மாரி கீதுமா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. குணமானாலும் பதினான்கு நாளும் முடிக்க வேண்டும் என்று அவருக்குப் பாடம் வேறு எடுத்தேன்.

ஜூலை 14, திங்கள்

கிண்ணத்துக்கு அருகே போகிறது. முகர்கிறது. பின்வாங்குகிறது. பசி இல்லாமல் இல்லை; என் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. ஒரு வாய் எடுத்தது. கழுத்தை முன்னால் நீட்டி, இரண்டு மூன்று முறை விழுங்கி விழுங்கிப் பார்த்தது. அப்புறம் என்னை ஒரு பார்வை. வாயோரம் எச்சில் ஒழுகுகிறது.

பயமாக இருக்கிறது. எதற்கென்று எழுதப் பயமாக இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் தின்ற மீன் அப்படியே வெளியே வந்தது. செரிக்காமல், உருண்டையாக. மறுபடி கிளினிக்.

டாக்டர் சபீனா வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்: "மாத்திரைக்கு அப்புறம் தண்ணி கொடுக்கறீங்கல்ல?"

"கொடுக்கறேன்."

அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது. யோசிக்கவே இல்லை. அவர் கோப்பில் ஏதோ எழுதினார். வயிற்றுப் புண்ணாக இருக்கலாம் என்றார். வாந்திக்கு ஊசி போட்டார். மாத்திரையை நிறுத்த வேண்டாம், தொடருங்கள் என்றார். நானும் சரி என்றேன். ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஆவடி வரை அழுதேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

ஜூலை 16, புதன்

படித்துவிட்டேன். ஒரு வாரம் முன்னாலேயே படித்திருக்க வேண்டியதை. பூனை வறட்டாக விழுங்கிய மாத்திரை வயிற்றுக்குப் போகாமல் உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடலாம். இந்த மருந்து நின்ற இடத்தைச் சுட்டுப் புண்ணாக்கும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, குழாயே குறுகிப் போகலாம். அப்புறம் சோறு இறங்காது.

ஏழு நாள். ஏழு மாத்திரை. நான் என் கையால் — ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்? தொண்டையைத் தடவிக் கொடுத்தேனே, செல்லமேன்னு சொல்லிக்கிட்டே.

இன்றைய மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுத்தால் சுடும். கொடுக்காவிட்டால் காய்ச்சல் திரும்பலாம். எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கொடுக்கவில்லை. டப்பாவில் திரும்பப் போட்டேன்.

நாவல்களில் பயத்தால் பொய் சொல்கிறவர்களை எவ்வளவு எளிதாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். பக்கத்தில் அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன். அங்கே யாருக்கும் சோறு இறங்காமல் போகவில்லை.

சாயங்காலம் நாகவல்லி அக்கா துணி எடுக்க மாடிக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விடவில்லை. சொல்லிவிட்டேன், தண்ணீரையும் பொய்யையும். திட்டுவார் என்று நினைத்தேன். துணியை மடித்துக்கொண்டே, "டாக்டராண்ட பொய் சொல்லிக்கினு ஊட்ல ஒக்காந்து அழுதா இன்னா ஆவும்? அது வாயத் தொறந்து அவங்களாண்ட சொல்லவா போவுது? நீ தானே அதுக்கு வாயி" என்றார். சட்டைகளை அடுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

ஜூலை 17, வியாழன்

கிளினிக் திறப்பதற்கு முன்பே போய்ப் படியில் உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்வது என்று நாலு வாக்கியம் தயார் செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "நான் தண்ணி கொடுக்கல டாக்டர். முதல் நாள் மட்டும்தான். மூக்குல வந்துச்சு, பயந்துட்டேன்."

பேனாவைக் கீழே வைத்தார்.

"முந்தாநேத்து சொல்லியிருந்தா முந்தாநேத்தே நிறுத்தியிருப்பேன், கனிமொழி."

அவ்வளவுதான் கடிந்தது. அந்த மாத்திரை இனி வேண்டாம், வேறு மருந்து ஊசியாகவே போடுகிறேன் என்றார். தொண்டைப் புண்ணை மூடுவதற்கு ஒரு சிரப். உணவு கூழாக மட்டும். சிரிஞ்சில் எப்படிக் கொடுப்பது என்றும் காட்டினார்: தலையை நிமிர்த்தாமல், கன்னத்து ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக, அது விழுங்கும் வரை காத்திருந்து. ஒரு சொட்டுகூட மூக்கில் வரவில்லை. அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஒரு போன் பண்ணியிருந்தால் இதைப் போனிலேயே சொல்லியிருப்பார்.

குழாய் குறுகுமா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது, இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

கூழ் இறங்குகிறது. ஒவ்வொரு வாயையும் எண்ணுகிறேன்.

ஜூலை 24, வியாழன்

இன்று ஒரு முறை கக்கியது. தரையைத் துடைத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். அதற்கு என்மேல் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். ஓரிடத்தில் குறுகியிருக்கிறது. மயக்கத்திலேயே பலூன் வைத்து விரித்தார்கள். மறுபடி சுருங்கலாம், மறுபடி விரிக்க வேண்டியிருக்கலாம். மயக்கம் தெளியும் வரை அதன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முன்னங்காலில் மழித்த இடம் ரோஜா நிறத்தில், ஒரு குழந்தையின் தோல்போல.

ஆகஸ்ட் 18, திங்கள்

கிளினிக். எடை இருநூறு கிராம் கூடியிருக்கிறது. கூழ் தங்குகிறது. கெட்டியான தீனி இப்போதைக்கு இல்லை. எப்போதுமே இல்லாமலும் போகலாம்.

டாக்டர் சபீனா கோப்பைத் திறந்து, "சிரப் ஒழுங்கா போகுதா?" என்றார்.

"சனிக்கிழமை ஒரு வேளை விட்டுப்போச்சு டாக்டர். தூங்கிட்டேன்."

"அதுக்காக அடுத்த வேளைக்கு ரெண்டா சேர்த்துக் கொடுத்தீங்களா?"

"இல்ல. எப்பவும்போல ஒண்ணுதான்."

"சரி" என்று எழுதிக்கொண்டு, சேமியாவின் வாயைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்.