துக்க வீட்டுக்கு வந்த பலகாரம்

அன்புள்ள அய்யாவுக்கு, குன்னூரிலிருந்து மகள் ஜெயக்கொடி தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். நீங்களும் தங்கை இன்பமும் சுகமா?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபத்தில், நான் ஆயா வேலை பார்க்கும் வீட்டுத் துரைசாணியின் குழந்தைக்கு வைத்த பால் கிண்ணத்தைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன். முதலில் ஏசினார்கள், பிறகு சிரித்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

அம்மா இறந்த வருஷம் நம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, சரி. அதற்காகச் சொந்தக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குத் தட்டுத் தட்டாகப் பலகாரம் கொண்டுவந்தால் அம்புட்டையும் நீங்களா தின்பது? சர்க்கரை வியாதிக்கு உடம்பு இளைக்க வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொல்லி, சட்டை தொளதொளக்கிற அளவுக்கு இளைத்தீர்களே! "ஏசு பொறந்த நாள்ல தின்னா சீனி ஏறாது அத்தான்" என்றாளாம் ஏசம்மாள் சின்னம்மை. போன வருஷக் கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்கும் இதையே சொல்லித்தான் ஊட்டினாள். அதே வியாதியில்தானே அம்மா போனாள்?

பண்டிகைச் சோறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கறிக்குழம்பு ஊற்றிக் கொஞ்சம் சாப்பிடுங்கள். அதிரசம் ஒன்று தின்றுவிட்டுக் கண்மாய்க்கரை வரை நடந்துவிட்டு வாருங்கள். புது வருஷத்துக்கும் தட்டு வரும். "மக ஏசுவா, கொண்டு போங்க" என்று வாசலிலேயே சொல்லிப் பழியை என் மேல் போடுங்கள்.

இன்பத்திடம் அம்மாவின் பழைய சேலை ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள், இங்கே குளிர். குழந்தை அழுகிறது, போகிறேன். அம்மா போனாள் என்று வந்ததுபோல் உங்களைப் பற்றியும் ஒரு தந்தி வந்தால் நான் ஊருக்கு வரமாட்டேன் அய்யா. வந்து யார் முகத்தைப் பார்க்க?