பயத்துக்கு மட்டும் ஒரு முகம்

இன்று மாலை கவின் கதவுக்குப் பின்னாலிருந்து உன் சிலிப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தான். நீல வார் போட்ட ஒற்றைச் சிலிப்பர். அதை என் மடியில் வைத்துவிட்டு விரலால் தன் தாடையைத் தொட்டான். உன் தாடைத் தழும்புதான் அவன் கை அறிந்த உன் பெயர். பிறகு இரு கைகளையும் விரித்து என்னைப் பார்த்தான். எங்கே?

நீ போனதிலிருந்து இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

இப்போது அவன் தூங்குகிறான். உனக்கு எழுதுகிறேன். உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. காது கேளாதோர் பள்ளியில் உனக்கு மலாய்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் உன் கை பேசியதையெல்லாம் என் மனசு நம் தோட்டத்துத் தமிழில்தான் வைத்திருக்கிறது.

என் பிள்ளை கவினுக்குக் காது கேட்காது என்று சிரம்பானில் டாக்டர் சொன்ன நாளில் நான் முதலில் நினைத்தது எங்கள் வாசலைத்தான். வாசலை ஒட்டியே, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரிகள் ஓடும் மண்சாலை. நடுவில் வேலிகூடக் கிடையாது. ஹாரன் அவனை எட்டாது. என் குரலும் எட்டாது. "வாயாலயே பேசும்மா, கைய ஆட்டிக்கிட்டிருந்தா அவனுக்குப் பேச்சே வராது லா" என்றார் என் மாமியார். நானும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டே இருந்தேன்.

அப்படி ஒரு நாள் கத்தும்போதுதான் சுங்கை காடுட் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து நீ இறங்கினாய். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டுக்காரி, என் வயது, பிறவியிலேயே கேளாதவள். அதுவரை உன்னைப் பார்த்துச் சிரித்ததோடு சரி. நீ கைப்பேசியில் மலாயில் தட்டிக் காட்டினாய்: "பின்னாடி நிக்காத. முன்னாடி வா." அதுதான் என் முதல் பாடம்.

பட்டம் வாங்கிய எனக்கு விரல்கள் விறகுக்கட்டையாக இருந்தன. பால், சோறு, தண்ணீர், சூடு. தினமும் நீ வேலை முடிந்து வந்ததும் படியில் உட்கார்ந்து பழகுவோம். கவின் நமக்கு நடுவில். அவன் ஒரு தடவை பார்த்ததைப் பிடித்துக்கொள்வான். நான் விடிவதற்குள் மறந்துவிடுவேன். "நீ பேசுறது கடை போர்டு மாதிரி இருக்கு. சோறு. தண்ணி. சூடு. முழுசா எப்படி பேசப் போற?" என்று உன் கை கேலி செய்யும். கொஞ்சம் கொஞ்சமாக முழுசாகவும் வந்தது. கவின் 'ஏன்' கற்றுக்கொண்டு வீட்டையே கேள்வியால் நிரப்பினான்.

ஒரு மாலை அவனை "சாப்பிட வா" என்று கூப்பிட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு என்னை மாதிரியே புருவத்தை நெரித்து, கண்ணை உருட்டிக் காட்டினாய். "கை சோறுன்னு சொல்லுது. மூஞ்சி பாம்புன்னு சொல்லுது. புள்ள எத நம்பும்?"

"என் மூஞ்சியே அப்படித்தான்" என்றேன். தோட்டத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆள் உண்டா? அன்றே எனக்கும் வைத்துவிட்டாய். புருவ நடுவை இரண்டு விரலால் கிள்ளினால் நான். கவினும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறான்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவன் சாலை நடுவில் குந்தி, லாரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். வளைவில் லாரி. அவன் தற்செயலாக என் பக்கம் திரும்பினான். லாரி, ஆபத்து, ஓடி வா. என் கை ஒரு சொல்கூடத் தப்பவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பழத்தைப் பொறுக்கினான். குளிக்கக் கூப்பிடும்போதும், பால் குடிக்கச் சொல்லும்போதும் அவன் பார்த்த அதே முகம். என் கால் அசையவில்லை.

படியிலிருந்து நீ எறிந்த சிலிப்பர் பறந்துபோய் அவன் முன்னால் விழுந்தது. திடுக்கிட்டு உன்னைப் பார்த்தான். எப்போதும் சிரிக்கிற உன் முகம் அப்போது இருந்த மாதிரி அவன் பார்த்ததே இல்லை. எழுந்து ஓடி வந்துவிட்டான். சிலிப்பர் மேல் சக்கரம் ஏறியது. "என்னம்மா, புள்ளைய ரோட்டுல காயப் போட்டிருக்கீங்களா?" என்று கத்திக்கொண்டே டிரைவர் போனார்.

நீ மிச்சச் சிலிப்பரைக் கழற்றி என் கதவுக்குப் பின்னால் வைத்தாய். "வச்சுக்க. அடுத்த தடவ எறிய வேணும்." பிறகு சிரிக்காமல் சொன்னாய்: "பயத்த எல்லாத்துக்கும் செலவு பண்ணாத. தேவப்படும்போது மூஞ்சில மிச்சம் இருக்கணும்." வெறுங்காலோடு வீட்டுக்குப் போனாய்.

கண்ணாடி முன் நின்று பழகினேன். சோற்றுக்கு ஒரு முகம், தூக்கத்துக்கு ஒரு முகம். பயம் குறையவே இல்லை. அதை எங்கே வைப்பது என்றுதான் கற்றுக்கொண்டேன்.

டெங்கிக் காய்ச்சலோடு நீ வார்டில் கிடந்தபோது டாக்டர் முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசினார். உதட்டைப் படிக்க வழியில்லாமல் நீ என் பக்கம் திரும்பினாய். ரத்தத் தட்டணுக்கள் இறங்குகின்றன, தீவிர சிகிச்சைக்கு மாற்ற வேண்டும். என் கை எந்தச் சொல்லையும் தேடவில்லை. பாதி வழியில்தான் அது எனக்கே உறைத்தது. நீ என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாய். "பயப்படணுமா?" என்று கேட்டாய்.

சோற்று முகத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். முடியவில்லை. மிச்சம் வைத்திருந்ததை அப்படியே காட்டினேன். நீ மெல்லத் தலையாட்டினாய். "இப்பதான் சரியாப் பேசுற." நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

இன்று கவினுக்கும் அப்படியே சொன்னேன். தாடையைத் தொட்டேன். பக்கத்து வீட்டுக் கோழி செத்தபோது நீ எங்கள் இருவருக்கும் கற்றுக்கொடுத்த அந்தச் சொல்லைச் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். 'ஏன்' கேட்கவில்லை. கை நீட்டி என் புருவத்தைக் கிள்ளினான். என் பெயரைச் சொன்னானா, சுருக்கத்தை நீக்கப் பார்த்தானா, தெரியவில்லை. பிறகு சிலிப்பரை எடுத்துப்போய்க் கதவுக்குப் பின்னால், கை எட்டுகிற இடத்தில் வைத்தான்.

விடிந்தால் லாரிகள் ஓடத் தொடங்கும்.