நாக்கால் தள்ளினால் கழன்றுவிடும்

புதன்கிழமை, காலை

அன்புள்ள கோரைப்பல்லுக்கு,

இங்கே மூவரும் நலம். இந்தப் பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி வைத்திருக்கும் உன் மேல்வரிசைப் பேய்ப்பற்களும் நலம். நீ நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் கிடைத்த பத்து நிமிஷத்தில் நம் வீட்டுக் குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறதா என்று மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் இல்லை என்றேன். குழாயின் மேல் உனக்கு இவ்வளவு அக்கறை எந்தக் காலத்தில் இருந்தது? நீ நலமாக இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

படத்தின் கதை வெளியே போய்விடக் கூடாதென்று எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துக்கொள்ளும் உங்கள் கம்பெனி, பல் பெட்டியை மட்டும் பிரித்துப் பார்ப்பதில்லை. அது நமக்கு வசதி. நாளைக் காலை எட்டு மணிக்கு டிரைவர் வந்து நிற்பார். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். நேற்றிலிருந்து இது நாலாவது காகிதம். மூன்றைக் கிழித்துப் போட்டேன்.

முதலில் வேலை. இடது பக்கக் கோரைப்பல் ஈறில் குத்துகிறது என்றாயே, அதைத் தேய்த்துவிட்டேன். பின்பக்கம் மெழுகு வைத்துப் பார்த்து, அண்ணத்தில் படும் இடத்தையும் மெலிசாக்கியிருக்கிறேன். இன்னொரு மாற்றமும் செய்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது வீடு. கீழ்வீட்டுக்குப் புதிதாக ஒரு டெய்லர் அம்மா குடிவந்திருக்கிறார். வந்து மூன்று வாரம் ஆகிறது. பேய்ப் படம் என்றால் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவாராம், அதனால் உன்னை யாரென்றே தெரியாது. நம் கட்டடத்தில் உன்னைத் தெரியாத ஒரே ஆள் அவர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

நம் குட்டி படத்தில் நடிப்பதற்கான சம்மதப் படிவம் வந்துவிட்டது. உன் அப்பாவே எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டார். உயரம், எடை, செருப்பு அளவு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நீச்சல் தெரியுமா என்ற இடத்தில் 'கற்றுக்கொள்வாள்' என்று எழுதியிருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி. பேனாவை என் சட்டைப் பையில் செருகிவிட்டு, “ரெண்டு நாள் வேலை மாப்பிள்ளை. அவளோட கண்ணு மட்டும்தான் வேணுமாம். பொம்மை உடம்புக்குள்ள ஒரு கண்ணு, அவ்வளவுதான்” என்றார்.

நீயோ போனில், “குட்டி விஷயத்தை நீங்களே முடிவு பண்ணுங்க, என்னால முடியல” என்றாய். அதோடு வெள்ளிக்கிழமை உனக்குத் தண்ணீர்த் தொட்டிக் காட்சி என்றாய், சிரித்தாய். பிறகு குழாயைப் பற்றிக் கேட்டாய். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பல்செட்டைத் தலைகீழாகப் பொருத்திப் பல் டாக்டருக்கு அனுப்பிவிட்டேன், அவர் போன் பண்ணிச் சிரித்தார்.

உன் அப்பா அந்த ஆல்பத்தை மறுபடி வெளியே எடுத்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குட்டியை மடியில் உட்காரவைத்துப் பக்கம் பக்கமாகக் காட்டினார். நாலு வயதில் பிஸ்கட் விளம்பரம். ஆறு வயதில் முதல் படம். எட்டு வயதில் நீ அலறும் குளத்துக் காட்சி, அதற்குக் கிடைத்த விருது, மாலையைச் சுமக்க முடியாமல் நிற்கும் நீ. பன்னிரண்டு வயதுக்குள் பதினாலு படம். அதற்குப் பிறகு நீ வளர்ந்து தொலைத்தாய். ஆல்பத்தில் ஒன்பது வெற்றுப் பக்கங்கள். அவற்றை அவர் மொத்தமாகச் சேர்த்துப் புரட்டுகிறார். கூரியர் ஆபீசில் நீ பார்சல் பதிவு செய்ததும், வருகிறவர்கள் எல்லாம் ‘நீ அந்தப் பாப்பாதானே, ஒரு தடவை கத்திக் காட்டு’ என்று கேட்டதும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கின்றன. குட்டிக்கு அது தெரியாது.

பின்பாதி முழுக்கப் பேயும் பிசாசும், வேறு கிரகத்து ஜந்துக்களும். வழவழவென்று பச்சையாக ஒன்று நிற்கிறதே, அந்தப் படத்தில் விரலை வைத்து, “இதுல அம்மா எங்க தாத்தா?” என்று கேட்டாள். அவர் பச்சை ஜந்தின் கண்ணைக் காட்டினார். எண்ணிப் பார்த்தேன். முகம் தெரியாமல் பதினோரு படம் நடித்திருக்கிறாய். கதாநாயகியாகப் போட யாருக்கும் மனசு வரவில்லை. இருபத்திரண்டு வயதிலும் உன்னைப் பாப்பாவாகவே பார்த்தார்கள். அந்த அலறல் மட்டும் எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

முதல் பேய்ப் படத்துக்குப் பல் அளவு கொடுக்க வந்தாயே, அச்செடுக்கும் பசை தொண்டையில் இறங்கியதும் நாற்காலியின் கைப்பிடியைப் பிறாண்டிக்கொண்டு முனகினாய். பேய் மாதிரி நடித்துக் காட்டுகிறாய் என்று நினைத்து நான் சிரித்தேன். எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

சரி, எவ்வளவு நேரம்தான் சுற்றி வளைப்பது. மூன்று காகிதத்தையும் இந்த இடத்தில்தான் கிழித்தேன்.

குட்டி ஒரு வாரமாக அலறப் பழகிக்கொண்டிருந்தாள். தினமும் மாலை நாலு மணிக்கு. உன் அப்பா கடிகாரத்தோடு கூடத்தில் உட்காருவார். நான் என் அறையில் பல்செட் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு மார்க் போடுவேன். ஆறு, ஏழு, ஒருமுறை எட்டு. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அதை மறைத்துப் பயனில்லை. குழந்தை உன்னை மாதிரியே கத்துகிறாளே என்று பூரித்துப்போயிருந்தேன்.

திங்கட்கிழமை மாலை உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெஷினை நிறுத்தினேன். கேட்டேன். அந்த வாரத்திலேயே அதுதான் நன்றாக இருந்தது. “நல்லா இருக்கு கண்ணு, கடைசில கொஞ்சம் இழு” என்று இங்கிருந்தே குரல் கொடுத்தேன். இன்னொரு முறை கத்தினாள். நீளமாகத்தான் கத்தினாள். “அப்படித்தான்” என்றேன். கூடத்தில் உன் அப்பா, “பதினொரு செகண்ட்” என்றார். நான் மறுபடி மெஷினைப் போட்டேன்.

காற்றில் கதவு அடித்து, கீல் பக்கத்து இடுக்கில் அவள் நடுவிரல் மாட்டியிருந்தது. இன்னொரு கையால் கதவைத் தள்ளத் தெரியவில்லை, பயத்தில் இன்னும் இழுத்திருக்கிறாள். மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஓடிவரும் சத்தம் மெஷினையும் மீறிக் கேட்டது. டெய்லர் அம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்க, வாயில் இரண்டு குண்டூசியோடு ஓடிவந்தார். எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போய்க் கதவைத் திறந்து விரலை எடுத்தவர் அவர்தான். ஊசியைத் துப்பிவிட்டு, “வீட்ல ஆள் இருந்துமா இப்படி?” என்று கேட்டார்.

எலும்புக்கு ஒன்றுமில்லை. எக்ஸ்ரே எடுத்தாயிற்று. நகம் கறுத்துவிட்டது, விழுந்து புதிதாக முளைக்கும் என்றார் டாக்டர். பட்டை வைத்துக் கட்டியிருக்கிறார், இரண்டு வாரம் நனையக் கூடாது. பதறாதே. பதறினாலும் போன் இல்லை, அங்கேயே நின்று என்னைத் திட்டு. விரலைவிட என்னை அடித்தது வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஆட்டோவில் அவள் சத்தமே இல்லாமல் அழுதாள். வலிக்கிறதா என்று கேட்டேன். “நான் நிஜமா கத்தினேன்பா. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்க” என்றாள்.

நம் கல்யாணமான முதல் வருடம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது நீ ஒன்று சொன்னாய். குளத்துக் காட்சி டிவியில் வந்தது. “அதுல நான் நடிக்கல” என்று சொல்லிவிட்டு, மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். நான் தொடர்ந்து வந்து கேட்கவில்லை. பதினோரு வருடம் கேட்கவில்லை. இப்போது கேட்காமலே தெரிந்துவிட்டது.

நேற்றுக் காலை உன் அப்பா காப்பி டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தார். ஒரே டம்ளரை எத்தனை நேரம் கழுவுவது என்று வாங்கப் போனேன். திரும்பாமலே பேசினார். “தண்ணிக்குள்ள கயிறு அவ கால்ல சுத்திக்கிச்சு மாப்பிள்ளை. எனக்குத் தெரியாதுன்னுதான் இத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தேன். கட் சொன்னப்புறமும் அவ கத்திட்டே இருந்தா. அப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. எல்லாரும் கைதட்டினாங்க. நானும் தட்டினேன்” என்றார். இதை உன்னிடம் சொல்லச் சொன்னேன். “என்னால அவ மூஞ்சியப் பார்த்துச் சொல்ல முடியாது, நீங்களே எழுதிடுங்க” என்றார். எழுதிவிட்டேன். அவருக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசலாம் என்று பார்த்தால், திங்கட்கிழமை நானும்தான் ‘அப்படித்தான்’ என்றேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை, குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறேன். நீ முடிவை என்னிடம் தள்ளியபோது, உனக்கு வேலை அதிகம், அதனால்தான் என்று நினைத்தேன். மரமண்டை. உனக்கு எட்டு வயதில் வேண்டாம் என்று சொல்ல ஒருவரும் இல்லை, குட்டிக்காவது ஒருவர் சொல்ல வேண்டும் என்றுதானே தள்ளினாய்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குட்டியிடமும் சொன்னேன். கொஞ்சம் முகம் வாடினாள், பிறகு பச்சை ஜந்து பொம்மை வாங்கித்தரச் சொன்னாள்.

வீட்டில் ஒரு சட்டமும் போட்டிருக்கிறோம். குட்டி போட்டதுதான். ‘அம்மா’ என்று கத்தினால் செல்லாது, ‘காப்பாத்துங்க’ என்றாலும் செல்லாது, அதெல்லாம் உன் படங்களில் எல்லாரும் கத்துவது. நிஜமாக ஏதாவது என்றால் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாளாம். அப்பாவைப் பேர் சொல்வதா என்று உன் அப்பா ஒரு நிமிஷம் மூக்கு விடைத்தார், பிறகு சரி என்றார். நேற்று அவள் ஒத்திகை பார்த்தாள். அந்தப் பேரைக் கேட்டதும் செருப்பில்லாமல் தெருவரைக்கும் ஓடிவிட்டேன்.

இப்போது அந்த இன்னொரு மாற்றம். உன் பல்லை எப்போதும் கெட்டியாகப் பிடிக்கிற மாதிரிதான் செய்வேன், அதுதான் என் வேலைக்கு அழகு. அதை மாட்டிக்கொண்டால் உன்னால் கத்த மட்டும்தான் முடியும், ஒரு வார்த்தை பேச வராது. இந்த முறை பின்பக்கப் பிடியை வெட்டிவிட்டேன். நாக்கால் ஒரு தள்ளு தள்ளினால் கழன்றுவிடும். தண்ணீரில் விழுந்து தொலைந்தால் போகட்டும், நூறு பல் செய்து தருகிறேன். டைரக்டர் கேட்டால் பல்காரன் சொதப்பிவிட்டான் என்று சொல்.

வெள்ளிக்கிழமை தொட்டியில் இறங்கவே வேண்டாம் என்று தோன்றினால், இறங்காதே. எட்டு வயதில் உன்னால் சொல்ல முடியாததை இப்போது சொல்லலாம். இறங்குவதென்று முடிவு செய்தால், அங்கே ஏதாவது நிஜமாக ஆனால், பல்லைத் துப்பிவிட்டு என் பேரைச் சொல். பதினோரு வருடமாக ‘இங்க பாருங்க’ என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். அந்தப் பேர் உங்கள் கதையில் யாருக்கும் இல்லை. யாரும் அதை நடிப்பென்று நினைக்க மாட்டார்கள்.

கேட்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று யோசிப்பாய். கட்டுப் போட்ட விரலோடு குட்டியை விட்டுவிட்டு நான் வர முடியாது. நாளை இந்தப் பெட்டியோடு உன் அப்பா வருகிறார். டிரைவரிடம் அவரே பேசி இடம் பிடித்துவிட்டார். ஆல்பத்தை எடுத்துவரவில்லை. “தொட்டி ஓரமா நிக்கணும் மாப்பிள்ளை. அந்தப் பேரைக் கேட்டா, டைரக்டர் சட்டையைப் பிடிச்சாவது நிறுத்திடுவேன்” என்றார். நீ இதைப் படித்து முடிக்கும் வரை ஷூட்டிங் கேட்டுக்கு வெளியே காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். உள்ளே கூப்பிடுவதும் திருப்பி அனுப்புவதும் உன் இஷ்டம். திருப்பி அனுப்பினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லச் சொன்னார். அவருக்கு வெயில் ஆகாது, அதை மட்டும் நினைவில் வை.

ஒரு குறையும் இல்லாமல் நீ வீடு வந்து சேர வேண்டும். குழாய் சொட்டவில்லை. நிஜமாகவே சொட்டவில்லை.

இப்படிக்கு,
உன் பல்காரன்.

வழக்கமாகக் கீழே பேரும் எழுதுவேன். இந்த முறை எழுதவில்லை. அதை நீ வீட்டுக்கு வந்து சொல்லி நான் கேட்க வேண்டும்.